எடைப்பால மென்பொருளை ரஸ்டில் எழுதுகிறேன்: வகையமைப்பு மறுக்கும் இடங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எடைப்பாலம் | ஊத்தான் மெலிந்தாங் | திங்கள், இரவு 9.42

வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் எடைப்பாலத்துக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஓடுவது பழைய விண்டோஸ் நிரல். எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார், மூலநிரலும் அவரோடு ஓய்வுபெற்றுவிட்டது. புதியதை ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதலாம் என்று நிர்வாகத்திடம் சொன்னவனே நான்தான். ஆகவே பின்வாங்க வழியில்லை.

வேலை சிக்கலானதன்று. குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது மொத்த எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது வெறும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் தோட்டத்துக்குப் பணம். இரண்டாம் எடை போடாமல் சீட்டு அச்சாகவே கூடாது. இதைக் கம்பைலரே (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) காவல் காக்கட்டும் என்று சீட்டின் ஒவ்வொரு நிலையையும் தனி வகையாக (டைப்) வைத்தேன். ‘முதல் எடை போட்ட சீட்டு’ என்ற வகைக்கு அச்சிடும் செயற்கூறே (ஃபங்ஷன்) கிடையாது. இரண்டாம் எடையைப் போடும் செயற்கூறு பழைய சீட்டை விழுங்கிவிட்டு ‘முடிந்த சீட்டு’ என்ற வேறு வகையைத் திருப்பித் தரும். அதுவரை நன்றாகவே இருந்தது.

பிறகு முட்டிக்கொண்டேன். ஆலை வளாகத்தில் நிற்கும் லாரிகள் வெவ்வேறு நிலைகளில் இருக்கின்றன, ஆனால் ஒரு வெக்டரில், அதாவது பட்டியலில், ஒரே வகையைத்தான் வைக்க முடியும். எண்ணெய் ஏற்றிப்போகும் டாங்கர் லாரிகளுக்கோ எல்லாம் தலைகீழ்: வெறும் எடை முதலில், மொத்த எடை பிறகு. வாகன எண்ணைக் கொடுத்தால் லாரி விவரத்துக்கு ரெஃபரன்ஸ் (அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டு) தரும் சிறிய செயற்கூறு ஒன்று எழுதினேன்: ஹேஷ்மேப்பில் (விசையைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணை) இருந்தால் அதைக் கொடு, இல்லையென்றால் தரவுத்தளத்திலிருந்து படித்து உள்ளே போட்டுக் கொடு. கம்பைலர் மறுக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அதில் தவறு தெரியவில்லை. கடைசியாக, தேதி வகை ஒரு க்ரேட்டிலிருந்து (நிரல் நூலகம்) வருகிறது, கோப்பில் எழுதுவதற்கான டிரெய்ட் (ஒரு வகை தர வேண்டிய செயற்கூறுகளின் பட்டியல்) இன்னொரு க்ரேட்டிலிருந்து வருகிறது. இரண்டையும் நான் சேர்த்துவைக்கக் கூடாதாம்.

இவையெல்லாம் மொழியின் குறைகளா, அல்லது மொழியோடு நான் சண்டை போடுகிறேனா?

---

பழைய_சி | தெலுக் இந்தான் | திங்கள், இரவு 10.05

தம்பி, சி மொழியில் இதற்கு ஓர் எனம் (சாத்தியமான நிலைகளின் பட்டியல்), ஒரு சுவிட்ச் (நிலையைப் பார்த்துப் பிரியும் கட்டளை). அரைநாள் வேலை. கம்பைலரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி நிரல் எழுதும் காலம் வந்துவிட்டது. நடத்துங்கள்.

---

இரவுவேலை | பாயான் லெப்பாஸ் | செவ்வாய், காலை 7.20

இரவுப் பணி முடிந்து பேருந்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், இப்போது சில்லுத் தொழிற்சாலையில் ஃபர்ம்வேர் எழுதுகிறேன்.

ஹேஷ்மேப் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நிரல் சரி. கம்பைலருக்குத்தான் அது தெரியவில்லை. ‘கிடைத்தது’ என்ற கிளையில் நீங்கள் ரெஃபரன்ஸைத் திருப்பித் தருகிறீர்கள், ஆகவே அந்த இரவல் (ரெஃபரன்ஸ் எடுப்பதற்கு ரஸ்டில் அதுதான் பெயர்) செயற்கூற்றைத் தாண்டியும் உயிரோடு இருக்க வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்ற கிளையில் இரவல் எதுவுமே கையில் இல்லை. ஆனால் இரவல்களைச் சரிபார்க்கும் இன்றைய பாரோ செக்கர் இதைக் கிளைக்குக் கிளை பிரித்துப் பார்ப்பதில்லை. செயற்கூற்றுக்கு வெளியே போகும் இரவல் என்றால், எடுத்த புள்ளியிலிருந்து எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் அது உயிரோடு இருப்பதாகக் கணக்கு. அதனால் இரண்டாம் கிளையில் மேப்பை மாற்ற விடாது.

2018 டிசம்பரில் ரஸ்டின் 1.31 பதிப்போடு புதிய இரவல் ஆய்வு வந்தபோது இதே உதாரணம் அதன் வடிவமைப்பு ஆவணத்திலேயே மூன்றாவது சிக்கல் என்ற பெயரில் இருந்தது. தீர்ப்பதாகத்தான் நினைத்தார்கள். கம்பைல் செய்யும் நேரம் கூடும் என்பதால் தள்ளிவைத்தார்கள். அதைத் தீர்ப்பதற்கான முயற்சிக்குப் போலோனியஸ் என்று பெயர்.

அதுவரை பழகிய மாற்றுவழி, முதலில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இல்லையென்றால் உள்ளே போட்டு, கடைசியில் ஒருமுறை எடுத்துத் தருவது. ஹேஷ் (விசையிலிருந்து கிடைக்கும் தேடல் எண்) இருமுறை கணக்கிடப்படும். தேடுவதையும் போடுவதையும் ஒன்றாகச் செய்யும் என்ட்ரி செயற்கூறு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதற்கு விசையின் முழு உரிமையைக் கொடுக்க வேண்டும், அதாவது ஏற்கெனவே உள்ள லாரியைத் தேடுவதற்கும் வாகன எண்ணை ஒவ்வொரு முறையும் நகலெடுக்க வேண்டும். மதிப்பை ஆர்சி பாயிண்டருக்குள் (எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று எண்ணும் சுட்டு) வைத்து அதன் நகலைத் திருப்பித் தந்தால் இரவல் என்ற பேச்சே எழாது. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

---

எடைப்பாலம் | செவ்வாய், நண்பகல் 12.50

மிக்க நன்றி அண்ணன். பாலத்தில் லாரி ஏறி நின்று எண்கள் நிலைப்பதற்கே சில நொடிகள் ஆகின்றன. ஹேஷை இருமுறை கணக்கிட்டால் என்ன, இருநூறு முறை கணக்கிட்டால் என்ன! இருமுறை தேடும் வழியையே போட்டுவிட்டேன். ஆர்சியை வைத்தால் பிறகு இன்னொரு திரெட்டுக்கு (இணையாக ஓடும் வேலை) அனுப்ப முடியாமல், திரெட்டுகளுக்கிடையே பகிரக்கூடிய ஆர்க் என்று மாற்ற நேரிடும்.

---

வகுப்பறை | தெலுக் இந்தான் | செவ்வாய், இரவு 8.31

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் இதே இடத்தில்தான் வழக்கமாகத் தடுக்கி விழுவார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நிலைக்கு ஒரு வகை என்ற முறை நிரல் ஓடும்போது கையில் இருக்கும் ஒரு சீட்டுக்குப் பொருந்தும். வளாகத்தில் நிற்கும் எல்லாச் சீட்டுகளுக்கும் அது பொருந்தாது. காரணம் வெக்டரில் இல்லை. உங்கள் ஊரில் மாலையில் இடி இடித்து மின்சாரம் போகிறது. கணினி மீண்டும் எழுகிறது. வட்டிலிருந்து சீட்டுகளைப் படிக்கிறீர்கள். ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருந்தது என்பது கம்பைல் செய்யும்போது யாருக்குத் தெரியும்? ஆகவே எங்கோ ஓரிடத்தில் நிலையை மதிப்பாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் சேமிப்புக்கு ஓர் எனம் வையுங்கள். அதன் ஒவ்வொரு கிளைக்குள்ளும் உங்கள் வகைப்பட்ட சீட்டு இருக்கட்டும். வெளியிலிருந்து வரும்போது மேட்ச் போட்டுப் பிரியுங்கள். பிரிந்த பிறகு உள்ளே நடக்கும் வேலை முழுவதும் குறிப்பிட்ட வகையிலேயே நடக்கட்டும். சீட்டின் புலங்களை மாட்யூலுக்கு வெளியே தெரியாமல் மறைத்துவிட்டால் ‘முதல் எடை போட்ட சீட்டு’ பிறப்பதற்கு இரண்டே வாசல்கள்தான்: பாலம் தரும் எடை ஒன்று, வட்டிலிருந்து மீட்பது ஒன்று. சோதனைகளையும் அந்த இரண்டு வாசல்களில் குவித்தால் போதும்.

இனித்தான் உண்மையான தொல்லை. மேப்புக்குள் இருக்கும் சீட்டின் நிலையை மாற்ற வேண்டும். உங்கள் செயற்கூறு சீட்டை விழுங்குகிறது என்றீர்கள். மேப்புக்குள் இருப்பதை ரெஃபரன்ஸ் வழியாக வெளியே எடுத்து விழுங்க முடியாது, கம்பைலர் விடாது. எல்லோரும் செய்வது, மேப்பிலிருந்து நீக்கி, நிலையை மாற்றி, திரும்பப் போடுவது. அதற்கு நடுவே இரண்டாம் எடையைப் படிக்கும்போது சீரியல் கேபிள் தகராறு செய்து பிழை வந்து, கேள்விக்குறி (பிழை என்றால் உடனே வெளியேறு என்னும் குறி) போட்டு நீங்கள் செயற்கூற்றிலிருந்து வெளியேறினால் சீட்டு எங்கே? நீக்கியாயிற்று, திரும்பப் போடவில்லை. காற்றோடு போய்விட்டது. கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடத் தராது.

இதற்கு நிலை மாற்றும் செயற்கூற்றின் பிழைப் பக்கத்தில் பழைய சீட்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். வெற்றி என்றால் புதிய சீட்டு, தோல்வி என்றால் பிழையோடு பழைய சீட்டு. அழைப்பவர் அதைத் திரும்ப மேப்பில் போட வேண்டும். இன்னும் எளிய வழி, எடையை முதலில் படித்து முடித்துவிட்டு அதன் பிறகு மேப்பைத் தொடுவது. தோற்கக்கூடிய வேலையும் நிலை மாற்றமும் ஒரே செயற்கூற்றில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

---

பழைய_சி | செவ்வாய், இரவு 9.15

> சேமிப்புக்கு ஓர் எனம் வையுங்கள்

சுற்றிச் சுற்றி என் எனத்துக்கே வந்து சேர்ந்தீர்கள், டீச்சர். நல்லது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வகைகளும் இத்தனை காவலும் இருந்தும் சீட்டு காணாமற்போகலாம் என்கிறீர்கள். எடைப்பாலத்தில் ஒரு சீட்டு காணாமற்போனால் முதலில் கிராணியைத்தான் (எழுத்தரை) சந்தேகிப்பார்கள். என் அப்பா கிராணியாக இருந்தவர், அந்தச் சங்கடம் எனக்குத் தெரியும். ‘இந்தச் சீட்டை முடிக்காமல் விடக் கூடாது’ என்று உங்கள் கம்பைலரிடம் சொல்ல வழி இருக்கிறதா, இல்லையா?

---

வகுப்பறை | செவ்வாய், இரவு 10.02

இல்லை ஐயா.

ரஸ்டில் ஒரு மதிப்பை அதிகபட்சம் ஒருமுறைதான் கைமாற்றிக் கொடுத்துவிட முடியும். ‘கட்டாயம் ஒருமுறை’ என்று சொல்ல முடியாது. கோட்பாட்டில் இவை இரண்டும் வெவ்வேறு வகையமைப்புகள். ரஸ்ட் முதலாவதைத் தேர்ந்தது. ‘பயன்படுத்தியே ஆக வேண்டும்’ என்னும் மஸ்ட்_யூஸ் என்ற குறிப்பு இருக்கிறது, ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே, அதிலும் ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொண்டால் வாயை மூடிக்கொள்ளும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2015 மே 15 அன்று ரஸ்ட் 1.0 வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு பூகம்பம் நடந்தது. அப்போது ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஒரு திரெட் வசதி இருந்தது: திரெட்டைத் தொடங்கினால் ஒரு காவல் பொருள் கையில் வரும், அந்தப் பொருள் அழியும்போது திரெட் முடியும்வரை காத்திருக்கும். அதை நம்பித் திரெட்டுக்கு உள்ளூர் மாறிகளை இரவல் கொடுத்தார்கள். அந்தக் காவல் பொருள் அழியாமலே போனால்? ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் ஆர்சி வளையத்துக்குள் அதைப் போட்டுவிட்டால் அது ஒருபோதும் அழியாது. திரெட் பாட்டுக்கு ஓடும், மாறிகள் இருந்த நினைவகமோ போய்விட்டிருக்கும். கம்பைலரின் காவலைத் தளர்த்தும் அன்சேஃப் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லாமல் நினைவகம் கெடும்.

விவாதித்துவிட்டு, மதிப்பு அழியாமல் கசிந்துபோவது பாதுகாப்புக் குறை அன்று என்று முடிவெடுத்தார்கள். அந்தத் திரெட் வசதியை நீக்கினார்கள். மதிப்பை அழிக்காமலே மறந்துவிடும் மெம் ஃபர்கெட் செயற்கூற்றைப் பாதுகாப்பானது என்றே அறிவித்தார்கள். திரெட் வசதி வேறு வடிவில் 2022 ஆகஸ்டில் 1.63 பதிப்பில்தான் திரும்பி வந்தது.

அந்த வடிவம்தான் உங்கள் கேள்விக்கும் விடை. காவல் பொருளை அழைப்பவர் கையில் கொடுக்காதீர்கள். நீங்களே வைத்துக்கொண்டு, அழைப்பவரிடம் ஒரு க்ளோஷரை (மதிப்பைப்போல் கைமாற்றக்கூடிய செயற்கூறு) வாங்கி உள்ளே ஓட்டுங்கள். க்ளோஷர் எப்படி முடிந்தாலும் கட்டுப்பாடு உங்களிடமே திரும்பி வரும், சீட்டை மேப்பில் திரும்ப வைப்பது உங்கள் பொறுப்பு. பேனிக் (பிழையால் நிரல் பாதியில் முறிவது) ஆனாலும் பிடிக்க உள்ளே ஒரு டிராப் (பொருள் அழியும்போது ஓடும் செயற்கூறு) போதும், ஏனென்றால் அந்தப் பொருளைக் கசியவிட வெளியாருக்குக் கை எட்டாது. வகையால் சொல்ல முடியாததை இப்படிச் செயற்கூற்றின் வடிவத்தால் சொல்லிவிடலாம்.

டிராப்புக்குள்ளேயே பேனிக் வைத்து ‘முடியாத சீட்டு அழிந்தால் நிரல் வெடிக்கட்டும்’ என்று எழுதுபவர்களும் உண்டு. ஏற்கெனவே ஒரு பேனிக் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று வந்தால் முழு நிரலும் அப்படியே நின்றுவிடும். காலை நேரத்தில் லாரி வரிசை சாலைவரை நிற்கும்போது அதை நான் விரும்பமாட்டேன்.

---

எடைப்பாலம் | புதன், காலை 6.40

அந்த வரிசை நீண்டால் பழத்துக்கும் கேடு டீச்சர். அடிபட்ட குலையில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். க்ளோஷர் வழியை எழுதிப் பார்க்கிறேன்.

டாங்கருக்கு என்ன செய்வது? ‘உள்வரவு’, ‘வெளியேற்றம்’ என்று இன்னொரு வகை அளபுரு (பாராமீட்டர்) சேர்த்தேன். நிலைகள் மூன்று, திசைகள் இரண்டு, சேமிப்பு எனத்தில் இப்போது ஆறு கிளைகள். ஒவ்வொரு மேட்சும் ஒரு பக்கம் நீள்கிறது.

---

இரவுவேலை | புதன், காலை 7.55

திசையை வகையிலிருந்து எடுத்துவிடுங்கள் தம்பி. அது சாதாரண மதிப்பாக இருக்கட்டும்.

நிலை மாறினால் என்ன செய்யலாம் என்பதே மாறுகிறது: அச்சிடலாமா கூடாதா. அது வகையில் இருப்பதற்குத் தகுதியான செய்தி. திசை மாறினால் மாறுவது ஒரே ஒரு கழித்தல் குறி. அதற்காக நிரல் முழுவதும் ஓர் அளபுருவைச் சுமந்து திரிய வேண்டுமா? முதல் எடை, இரண்டாம் எடை என்று பெயரிட்டு வையுங்கள், நிகர எடை கணக்கிடும் ஓர் இடத்தில் திசையைப் பாருங்கள். குலை லாரி வெளியே போகும்போது உள்ளே வந்ததைவிடக் கனமாக இருந்தால் பிழை. அதை எப்படியும் ஓடும்போதுதான் சரிபார்க்க முடியும்.

கிலோவையும் டன்னையும் தனி வகையாக வைத்திருக்கிறீர்களா? அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு புலம் மட்டும் உள்ள ஸ்ட்ரக்ட் (புலங்களின் தொகுப்பு), உள்ளே முழு எண், ஓடும்போது கூடுதல் செலவு எதுவும் இல்லை. பணத்தைச் சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். எடைக்கு மிதவை எண் (தசமப் புள்ளியுள்ள எண்) வைத்தால் வரிசைப்படுத்தும்போதே கம்பைலர் வழிமறிக்கும். நேன் (‘எண் அன்று’) என்ற மதிப்பு தன்னோடேகூடச் சமமில்லை என்பதால் மிதவை எண்களுக்கு முழு வரிசை தரும் ஆர்ட் டிரெய்ட் கிடையாது. அதற்கு டோட்டல்_கம்ப் என்ற செயற்கூறு 1.62 பதிப்பில் வந்தது. ஆனால் 10 கிலோ படியில் எடை காட்டும் பாலத்துக்கு மிதவை எண்ணே எதற்கு?

---

எடைப்பாலம் | புதன், பிற்பகல் 1.10

கிலோ தனி, டன் தனி, சென் தனி. எண்ணெய் பிழி விகிதமும் தனி. மலேசியச் செம்பனை வாரியம் குலைக்கான ஆதார விலையை 1 விழுக்காட்டுப் பிழிவுக்கு எவ்வளவு என்றுதான் வெளியிடுகிறது, அதைப் பிழி விகிதத்தால் பெருக்கினால் ஒரு டன் குலையின் விலை. இந்தப் பெருக்கலில் 20 என்பதை 0.20 என்று போட்டுவிட்டால் தோட்டக்காரர் ஆலைக்குப் பணம் கட்ட வேண்டியதுதான். ஆகவே விழுக்காட்டுக்குத் தனி வகை, அதைப் பெருக்க ஒரே ஒரு வழி. இதை எழுதும்போது கம்பைலர் ஓரிடத்திலும் முரண்டு பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த இழை வெறும் புகார்ப் பெட்டியாகிவிடும்.

---

பழைய_சி | புதன், இரவு 9.30

புகார்ப் பெட்டியில் நானும் ஒன்று போட்டுவிடுகிறேன். அன்சேஃப் இல்லாத ரஸ்டில் நினைவகம் கெடாது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். களஞ்சியத்தில் 25860 என்ற எண்ணுள்ள பிழை 2015 முதல் திறந்தே கிடக்கிறது. ஒரு செயற்கூற்றின் வகையை வளைத்து நெளித்து, எந்தக் குறுகிய லைஃப்டைமையும் (ரெஃபரன்ஸ் செல்லுபடியாகும் காலம்) ஸ்டாட்டிக் (நிரல் முடியும்வரை செல்லும்) ஆக்கிவிடலாம், முழுக்க முழுக்கப் பாதுகாப்பான நிரலிலேயே. அதை வைத்து வேடிக்கைக்கு ஒரு க்ரேட்டே எழுதியிருக்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

நெறியாளர் | புதன், இரவு 9.41

மொழிச் சண்டை வேண்டாம். இருவரும் தொழில்நுட்பத்தோடு நிற்கவும்.

---

இரவுவேலை | வியாழன், காலை 8.10

அண்ணன் சொல்வது உண்மை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. செயற்கூற்றின் அளபுருக்களில் ரெஃபரன்ஸுக்குள் ரெஃபரன்ஸ் இருந்தால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட நீண்ட காலம் வாழும் என்று கம்பைலர் தானாகவே ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகம் எழுத்தில் எங்கும் இல்லை. பிறகு அந்தச் செயற்கூற்றையே ஒரு பாயிண்டராக வேறு வகைக்கு மாற்றும்போது ஊகத்தின் ஆதாரம் கழன்றுவிடுகிறது, ஊகம் மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டு விதிகளும் நியாயமானவை, சேரும்போதுதான் ஓட்டை.

அதற்காக ஒருவர் தற்செயலாக அங்கே போய் விழமாட்டார், வேண்டுமென்றே வளைக்க வேண்டும். சி மொழியில் வரிசையின் எல்லையைத் தாண்டுவதற்கு அப்படி எந்த வேண்டுதலும் தேவையில்லை. ஒட்டுப்போட்டு மூடாமல் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: டிரெய்ட் தீர்க்கும் இயந்திரத்தையே மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் வந்த 1.84 பதிப்பில் அதன் ஒரு பகுதி, டிரெய்ட்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கும் பகுதி மட்டும், நடைமுறைக்கு வந்தது.

எடைப்பாலம் தம்பி முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கம்பைலர் மறுத்தால் உடனே மாற்றுவழி தேடாதீர்கள். மறுப்பு எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். ஹேஷ்மேப் சிக்கல் முடியாத வேலை, என்றாவது தீரும். அதற்கு மேலோட்டமான மாற்றுவழி போட்டு, மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும். சீட்டைக் கட்டாயம் முடிக்கச் சொல்ல முடியாதது எடுத்துவிட்ட முடிவு. அதற்கு உங்கள் வடிவமைப்பையே மாற்றத்தான் வேண்டும். டீச்சர் க்ளோஷர் சொன்னது அதனால்தான்.

---

வகுப்பறை | வியாழன், இரவு 8.05

அப்படிப் பார்த்தால் தேதி வகைச் சிக்கலும் எடுத்துவிட்ட முடிவுதான். டிரெய்ட்டோ வகையோ இரண்டில் ஒன்றாவது உங்கள் க்ரேட்டில் பிறந்திருக்க வேண்டும் என்பது அநாதை விதி. ஏன் என்றால், நீங்கள் ஒரு க்ரேட்டில் ஒரு வகைக்கு ஹேஷ் டிரெய்ட்டை ஒருவிதமாக எழுதுகிறீர்கள், நான் என் க்ரேட்டில் அதே வகைக்கு வேறுவிதமாக எழுதுகிறேன் என்று வையுங்கள். உங்கள் நிரல் மேப்பில் போட்டதை என் நிரல் தேடினால் கிடைக்காது. இருவரும் தனித்தனியே சரி. ஹாஸ்கெல் இதை எச்சரிக்கையோடு அனுமதிக்கிறது, ரஸ்ட் அனுமதிப்பதே இல்லை.

தேதியை உங்கள் சொந்த ஸ்ட்ரக்டுக்குள் பொதிந்துகொள்ளுங்கள், கிலோவுக்குச் செய்ததைப் போலவே. உள்ளே இருக்கும் செயற்கூறுகள் தானாக வெளியே வராது, தேவையானதை மட்டும் கையால் எழுதித் தர வேண்டும். டீரெஃப் டிரெய்ட்டைப் போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். செர்டே (தரவைக் கோப்பு வடிவத்துக்கு மாற்றும் க்ரேட்) பயன்படுத்தினால் அந்நிய வகைகளுக்கென்றே ரிமோட் என்ற வசதி இருக்கிறது. அந்தத் தேதி க்ரேட்டே செர்டேக்கு ஓர் அம்சத்தை வைத்திருக்கிறதா என்று அதன் அம்சப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

---

செம்பனைக்காடு | பாகான் டத்தோ | வியாழன், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். சிறுதோட்டக்காரர்களுக்கு அவர்களது குலை எடையைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல் ஒன்று நானும் ரஸ்டில் எழுதுகிறேன், அதனால் இங்கே நுழைகிறேன். செய்தியை வெட்டும் இடத்தில் நிரல் பேனிக் ஆகிறது. ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயர்களுக்கு வருவதில்லை, தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் வருகிறது. இதுவும் வகையமைப்பின் வேலைதானா அக்கா?

---

வகுப்பறை | வெள்ளி, காலை 6.55

பாதி வகையமைப்பு, பாதி தமிழ். ரஸ்டின் சரம் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்பது அதன் வகையே தரும் உறுதிமொழி. அதனால்தான் ‘ஐந்தாவது எழுத்தைக் கொடு’ என்று எண் போட்டுக் கேட்கவே அது விடுவதில்லை. ஆனால் துண்டாக வெட்டும்போது தரும் எண்கள் பைட் கணக்கு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 20 பைட்டில் வெட்டு என்றால் ஒரு குறியின் நடுவே கத்தி விழுகிறது, அப்படி வெட்டினால் உறுதிமொழி உடையும், அதற்குப் பதில் நிரல் நின்றுவிடுகிறது.

‘வணக்கம்’ என்பதை எடுத்துக்கொள். நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 7 குறிகள், புள்ளிகளும் தனிக் குறிகள் அல்லவா. யூடிஎஃப்-8 வடிவில் 21 பைட். எஸ்எம்எஸ் வேறு கணக்கு: தமிழ்ச் செய்திக்கு ஒரு பகுதியில் 70 அலகுகள், அங்கே இந்தச் சொல்லுக்கு 7. நான்கு அளவுகளும் நிரலில் யூசைஸ் என்ற ஒரே முழு எண் வகையாகத்தான் திரியும், கம்பைலர் வேறுபாடு காணாது. ஆகவே ‘எஸ்எம்எஸ் உரை’ என்று தனி வகை வை. அதைப் பிறப்பிக்கும் ஒரே செயற்கூறு யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணி 70-ஐத் தாண்டினால் மறுக்கட்டும். வெட்டுவதைக் குறியில் வெட்டாமல் எழுத்துக் கொத்தில் வெட்டு, அதற்கென்றே யூனிகோட் செக்மென்டேஷன் க்ரேட் இருக்கிறது. குறியில் வெட்டினால் பேனிக் ஆகாது, ஆனால் புள்ளி கழன்று ‘ம்’ என்பது ‘ம’ ஆகும்.

இன்னொன்றும் உண்டு. ‘கொ’ என்பதை இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். சமமா என்று கேட்டால் ரஸ்ட் இல்லை என்னும். பெயரைத் தேடுவதாக இருந்தால் உள்ளே வரும்போதே என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றிவிடு.

---

செம்பனைக்காடு | வெள்ளி, மாலை 5.30

கொத்தில் வெட்டினேன், பேனிக் நின்றது. பெயர்ப் பட்டியலில் இருவர் இரட்டையாக இருந்ததன் காரணமும் கிடைத்துவிட்டது. இரண்டு கொம்புகள்தான்! நன்றி அக்கா.

---

எடைப்பாலம் | சனி, இரவு 8.15

க்ளோஷர் வழி வேலை செய்கிறது. சீரியல் கேபிளைப் பாதியில் பிடுங்கிப் பார்த்தேன், சீட்டு மேப்பிலேயே இருக்கிறது. டாங்கரும் ஒழுங்காகிவிட்டது.

மீதி ஒன்றுதான். எடைக் காட்டிகள் இரண்டு தயாரிப்புகள். பொதுவான ‘சாதனம்’ என்ற டிரெய்ட், அதிலிருந்து நீளும் ‘எடைக் காட்டி’ என்ற டிரெய்ட். எடைக் காட்டியின் டைன் பாயிண்டரைச் (உண்மையான வகை ஓடும்போதே தெரியும் சுட்டு) சாதனத்தின் டைன் பாயிண்டராக மாற்றினால் அந்த வசதி இன்னும் நிலைப்படவில்லை என்கிறது கம்பைலர். ஆலைக் கணினியில் டெபியன் லினக்ஸ் 12.

---

இரவுவேலை | ஞாயிறு, காலை 10.00

இது மூன்றாவது ரகம் தம்பி. மொழி எப்போதோ முடித்துவிட்டது, உங்கள் கைக்குத்தான் வந்து சேரவில்லை. டெபியன் 12-இல் இருப்பது 1.63. டிரெய்ட்டை மேல்நோக்கி மாற்றுவது 2025 ஏப்ரலில் 1.86 பதிப்பில் வந்தது. டெபியன் 13-க்கு ஏறினாலும் அங்கே 1.85, ஒரே ஒரு படி குறைவு! சாதன டிரெய்ட்டில் ‘என்னைச் சாதனமாகத் தா’ என்று ஒரு செயற்கூறு வைத்து, ஒவ்வொரு வகையிலும் தன்னையே திருப்பித் தரச் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் எல்லோரும் இப்படித்தான் சமாளித்தோம்.

ஆனால் ஏன் சமாளிக்க வேண்டும்? உங்கள் மடிக்கணினியில் ரஸ்ட்அப் (ரஸ்டை நிறுவும் கருவி) வழியாகப் புதிய கம்பைலரை வைத்துக்கொண்டு, மசல் (நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடக்கூடிய சி நூலகம்) இலக்குக்குக் கம்பைல் செய்து, கிடைக்கும் ஒற்றைக் கோப்பை ஆலைக்கு எடுத்துப்போங்கள். கணினியிலுள்ள ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் பதிப்பு பொருந்தவில்லை என்ற தகராறும் வராது.

---

பழைய_சி | ஞாயிறு, காலை 10.40

மசல் இலக்கு என்றால் எஸ்கியூலைட் தரவுத்தளம் என்ன ஆகும்? அது சி நிரல் அல்லவா, அதையும் மசலுக்குத்தான் கம்பைல் செய்ய வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. பக்கத்து ஆலையில் என் தங்கை மகன் இதே வேலையைத் தொடங்கியிருக்கிறான்.

---

எடைப்பாலம் | ஞாயிறு, காலை 11.25

ரஸ்எஸ்கியூலைட் க்ரேட்டில் பண்டில்ட் என்ற அம்சத்தைப் போட்டால் எஸ்கியூலைட்டின் சி மூலத்தைத் தன்னோடு கொண்டுவந்து கம்பைல் செய்துகொள்கிறது, ஐயா. மடிக்கணினியில் மசல்-டூல்ஸ் தொகுப்பை மட்டும் நிறுவ வேண்டும். இப்போதுதான் செய்து பார்த்தேன், ஆலைக் கணினியில் ஓடுகிறது. மருமகனை இங்கேயே எழுதச் சொல்லுங்கள், சீரியல் போர்ட் அமைப்புகளை அனுப்பிவைக்கிறேன்.